மரவட்டை கொடுத்த மண்

கென்யாவின் மொம்பாசா நகருக்கு வடக்கே, கடலோரத்தில் பம்புரி என்ற இடம். 1954-ல் அங்கே சிமெண்ட் ஆலை வந்தது. கடல் என்றோ விட்டுப்போன பவளப்பாறைதான் அதற்குச் சுண்ணாம்புக்கல். மேல்மண்ணை வழித்துவிட்டு, நீர்மட்டம் நெருங்கும்வரை வெட்டினார்கள். மிஞ்சியது கண் கூசும் வெள்ளைக் கட்டாந்தரை. கசிந்த தண்ணீரும் உவர்.

1971-ல் ஆலையின் வேளாண் வல்லுநர், சுவிட்சர்லாந்துக்காரர் ரெனே ஹாலர், அந்தக் குழியில் 26 வகை மரங்களை நட்டுப் பார்த்தார். மூன்றுதான் பிழைத்தன. அவற்றில் முந்தி நின்றது எது என்று நம் கடலோரத்து மக்களைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள்: சவுக்கு. அதன் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்கு ஊட்டும்.

சவுக்குத் தோப்புக்குள் நடந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். சருகு மெத்தையாகக் கிடக்கும்; லேசில் மக்காது. நம் ஊரில் அடுப்புக்கு அரித்துக்கொண்டு போவார்கள். பம்புரியில் அது குவிந்து கிடந்தது. மரம் வந்துவிட்டது, மண் வரவில்லை.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். சிவப்புக் கால் மரவட்டை ஒன்று சவுக்குச் சருகைத் தின்பதை ஹாலர் கவனித்தார். நம் பிள்ளைகள் ரயில் பூச்சி என்று தொட்டுச் சுருட்டிப் பார்ப்பதற்கு உறவு. அதைச் சேகரித்து வந்து தோப்பில் விட்டார். தின்று கழித்தது, கழிவில் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கின, பாறைமேல் கருப்பாக மட்கு படிந்தது. அதில் வேறு மரங்கள் வேர்விட்டன. பறவைகள் வந்தன. மான்களும் ஒட்டகச்சிவிங்கிகளும் பிறகு கொண்டுவரப்பட்டவை. இன்று அதன் பெயர் ஹாலர் பூங்கா.

இதைக் காட்டி, 'வெட்டிக்கொள்ளலாம், பிறகு மரம் நடலாம்' என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். 26-ல் 23 செத்த நிலம் அது.

2004 டிசம்பரில் நம் கரையை அழித்த அதே சுனாமி கென்யாவையும் தொட்டது. மாலிந்தி அருகே கடலில் தனியாகச் சிக்கிய நீர்யானைக் குட்டியை மீனவர்கள் வலைபோட்டு மீட்டு ஹாலர் பூங்காவுக்கு அனுப்பினார்கள். ஓவன் என்று பெயர் வைத்தார்கள். வந்ததும் அது போய் ஒண்டிக்கொண்டது, நூறு வயது தாண்டியதாகச் சொல்லப்பட்ட ஓர் ஆமையிடம். ஆமையின் பெயர் ம்ஸே, சுவாஹிலியில் 'பெரியவர்'. முதலில் சீறி விலகிய பெரியவர் மெல்ல இணங்கினார். அவர் போகும் இடமெல்லாம் குட்டி போனது. அவர் தின்ற இலையைப் பார்த்துத் தானும் தின்னப் பழகியது, ஒரு காலத்தில் இலை என்று ஒன்றுமே முளைக்காத அந்தக் குழியில்.