60 வயசுல ரிட்டயர்மென்ட்... மறுநாளே அதே ஆபீஸில் வேலை! ஜப்பானில் என்ன நடக்கிறது?

ஜப்பானில் 10 பேரில் கிட்டத்தட்ட 3 பேருக்கு வயது 65 அல்லது அதற்கு மேல். பிறப்பு குறைந்துகொண்டே போவதால் வேலைக்கு இளைஞர்கள் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. அதனால் பெரியவர்களை வேலையிலேயே வைத்துக்கொள்ள சட்டமே போட்டிருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நிறுவனங்கள் ஓய்வு வயதை 60-க்குக் கீழே வைக்க முடியாது. விருப்பப்படுபவர்களுக்கு 65 வயது வரை வேலை தர வேண்டும். இதற்கு மூன்று வழிகள்: ஓய்வு வயதை 65 ஆக்கலாம், ஓய்வு வயதையே எடுத்துவிடலாம், அல்லது ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடியும் சேர்த்துக்கொள்ளலாம். 2021 ஏப்ரல் முதல், 70 வயது வரை வாய்ப்பு தர முயற்சிக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். ஆனால் அது கட்டாயம் இல்லை.

சிக்கல் எங்கே?

பெரும்பாலான நிறுவனங்கள் பிடித்துக்கொண்டது மூன்றாவது வழியை. அதே ஆபீஸ், பலருக்கு அதே வேலை. ஆனா ஒப்பந்தம் புதுசு, சம்பளம் குறைவு. பென்ஷன் வழக்கமாக 65 வயதில்தான் தொடங்கும் என்பதால் பலரால் மறுக்கவும் முடிவதில்லை.

இன்று ஜப்பானில் 65 வயதைத் தொட்டவர்களில் 4-ல் ஒருவர் வேலை பார்க்கிறார். வேலை இருக்கு, வேலைக்கேத்த சம்பளம் இருக்கா என்பதுதான் அங்கே இப்போது ஓடும் விவாதம்.