பென் டிரைவில் ஓடும் மென்பொருள்: தடம் விடுமா, விடாதா?

நம்ம கிளாஸ்ல பாதிப் பேர் பையில ஒரு பென் டிரைவ் இருக்கு. பாட்டு, படம், ப்ராஜெக்ட் எல்லாம் அதுல இருக்கும். அதே பென் டிரைவில் ஒரு முழு பிரௌசரையே வைத்துக்கொண்டு, போகிற இடத்தில் உள்ள கம்ப்யூட்டரில் செருகி ஓட்டலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இதைத்தான் போர்ட்டபிள் மென்பொருள் என்கிறார்கள். "இதுல வேலை பார்த்தா கம்ப்யூட்டர்ல ஒரு தடமும் இருக்காது"ன்னு அண்ணன்மார் சொல்லிக் கேட்டிருப்பீங்க. அது முக்கால்வாசி உண்மை. மீதி கால்வாசி தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

ஏன் இதைப் பற்றிக் கவலைப்படணும்? பொறியியல் கலந்தாய்வு 2018-லிருந்து ஆன்லைனில் நடக்கிறது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் பிரௌசிங் சென்டருக்குத்தான் போவார்கள். எந்தக் கல்லூரி முதலில், எது இரண்டாவது என்று நாம் போடுகிற வரிசை அந்த யூசர் ஐடி, பாஸ்வேர்டுக்குள்தான் இருக்கு. அது அடுத்தவர் கைக்குப் போனால் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம். சாதாரணமாக ஒரு மென்பொருளை நிறுவினால் அது கம்ப்யூட்டரின் சி டிரைவில் குடியேறிவிடும். ரெஜிஸ்ட்ரி என்று விண்டோஸுக்கு ஒரு பெரிய கணக்குப் புத்தகம் உண்டு. அதிலும் தன் பெயரை எழுதிக்கொள்ளும். நாம் பார்த்த பக்கங்கள், சேமித்த பாஸ்வேர்டு எல்லாம் நம் யூசர் ஃபோல்டருக்குள் போய் உட்காரும். போர்ட்டபிள் மென்பொருள் இதையெல்லாம் பென் டிரைவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். 2004-ல் ஜான் ஹாலர் என்பவர் ஃபயர்ஃபாக்ஸை இப்படி மாற்றி வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் போர்ட்டபிள்ஆப்ஸ் தொகுப்பு. லிப்ரே ஆபீஸ், விஎல்சி, ஜிம்ப் எல்லாம் அதில் இலவசமாகவே கிடைக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கு, கவனமாகப் படிங்க. ஃபயர்ஃபாக்ஸ் போர்ட்டபிள் ஃபோல்டரைத் திறந்தால் மேலேயே ஒரு ஐகான் இருக்கும். அது உண்மையில் பிரௌசர் இல்லை, அதற்குக் காவல்காரன் மாதிரி. பிரௌசரைக் கிளப்பும்போது "உன் சாமான் எல்லாம் பென் டிரைவ்ல இருக்கிற டேட்டா ஃபோல்டருக்குள்ள, வெளியே வைக்காதே" என்று சொல்லி அனுப்பும். நாம் மூடியதும், வெளியே ஏதாவது சிந்தியிருந்தால் துடைத்துவிட்டுத்தான் போகும். சிலர் அவசரத்தில் ஆப் ஃபோல்டருக்குள் நுழைந்து அங்கே இருக்கிற ஃபயர்ஃபாக்ஸையே நேராக டபுள் கிளிக் செய்வார்கள். அப்போது காவல்காரனுக்கு வேலையே இல்லை. பிரௌசர் அந்தக் கம்ப்யூட்டரிலேயே தன் சாமானை இறக்கிவிடும். இன்னும் சிலர் பெல் அடித்ததும் பென் டிரைவைப் பட்டென்று பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். துடைக்க வேண்டியவனையே தூக்கிக்கொண்டு போனால் யார் துடைப்பது? முதலில் மென்பொருளை மூடுங்க, சில நொடி பொறுங்க, அப்புறம் கீழே வலது மூலையில் 'சேஃப்லி ரிமூவ்' கொடுத்துவிட்டு எடுங்க.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தாலும் சில தடங்கள் இருக்கத்தான் செய்யும். ஏனென்றால் அவற்றை எழுதுவது நம் மென்பொருள் இல்லை, விண்டோஸ். பென் டிரைவைச் செருகிய உடனேயே அதன் கம்பெனிப் பெயர், வரிசை எண் எல்லாம் ரெஜிஸ்ட்ரியில் ஏறிவிடும். எந்த மென்பொருள் ஓடியது, எத்தனை தடவை, கடைசியாக எப்போது என்பதை ப்ரீஃபெட்ச் என்ற ஃபோல்டர் குறித்து வைக்கும். அடுத்த தடவை அது சீக்கிரம் திறக்க வேண்டுமே என்ற நல்லெண்ணம்தான்! கடைசியாகத் திறந்த ஃபைல்களின் பட்டியலும் தனியாக இருக்கும். காப்பி பண்ணியதைக்கூட விடாது. விண்டோஸ் 10-க்கு 2018-ல் வந்த ஒரு அப்டேட்டிலிருந்து கிளிப்போர்டு வரலாறு என்று ஒரு வசதி உண்டு. யாராவது அதை ஆன் செய்து வைத்திருந்தால், விண்டோஸ் பட்டனோடு 'வி' அழுத்தினால் போதும், முன்பு காப்பி செய்தவை வரிசையாக வந்து நிற்கும். அதனால் பொதுக் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டைக் காப்பி-பேஸ்ட் செய்யவே கூடாது.

எல்லாவற்றையும் விட அதிகமாக மாட்டிவிடுவது நம்ம கைதான். மெயிலில் வந்த மார்க் ஷீட்டை டெஸ்க்டாப்பில் சேமித்துவிட்டு, பிரிண்ட் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். பிரௌசர் போர்ட்டபிளாக இருந்து என்ன பிரயோசனம்? டவுன்லோடு ஆகிற இடத்தையும் பென் டிரைவுக்கு மாற்றி வைக்க வேண்டும்.

நெட்வொர்க் கதை வேறு. எந்தத் தளத்துக்குப் போனோம் என்பது லேப் சர்வரிலோ சென்டர்காரர் பதிவிலோ இருக்கலாம். 2011-ல் மத்திய அரசு கொண்டுவந்த சைபர் கஃபே விதிகளின்படி, யார் வந்தார்கள் என்ற பதிவேட்டையும் இணையப் பதிவுகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். நம் பென் டிரைவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கீலாகர் என்ற பொல்லாத சாதனமும் உண்டு. கீபோர்டு ஒயருக்கும் சிபியுவுக்கும் நடுவில் செருகிய விரல் அளவுத் துண்டாக இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாத மென்பொருளாகவும் இருக்கலாம். நாம் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் அது எழுதிக்கொள்ளும். சிலர் எல்லா பாஸ்வேர்டையும் கீபாஸ் மாதிரி ஒரு பெட்டியில் பூட்டி பென் டிரைவில் வைத்திருப்பார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தப் பெட்டியைச் சென்டரில் போய்த் திறந்தால், ஒரே சாவியில் மொத்தமும் போகும்! என்னைக் கேட்டால் பேங்க் வேலையைப் பொதுக் கம்ப்யூட்டரில் தொடவே வேண்டாம், போர்ட்டபிளோ இல்லையோ.

உண்மையிலேயே ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் வேலை செய்ய டெய்ல்ஸ் என்று ஒரு முழு இயங்குதளமே இருக்கு. பென் டிரைவிலிருந்து பூட் ஆகி, ரேமில் மட்டும் ஓடும், அணைத்தால் மறந்துவிடும். ஆனால் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து பூட் வரிசையை மாற்ற வேண்டும். நம்ம லேப்ல சாரைக் கேட்காம அதைச் செய்யாதீங்க. பென் டிரைவ் செருகுவதற்கே கேட்கணும், அது வேற விஷயம். சாருடைய பயமும் நியாயம்தான். 2008-ல் கிளம்பிய கான்ஃபிக்கர் என்ற வைரஸ் பென் டிரைவ் வழியாகவும் ஊர் ஊராகப் பரவியது. செருகியதும் தானாக ஓடும் ஆட்டோரன் வசதியை அது பயன்படுத்திக்கொண்டது. பழைய விண்டோஸ்களில் அந்தக் கதவை மைக்ரோசாஃப்ட் அடைக்க 2011 ஆகிவிட்டது. இப்போதும் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நின்றால் கிளிக் செய்யாதீங்க. முதலில் ஸ்கேன் பண்ணுங்க. போர்ட்டபிள் மென்பொருளையும் நண்பனிடம் காப்பி வாங்காமல், அதை வெளியிட்டவர்களின் தளத்திலிருந்தே எடுங்க.

சென்டரில் மெயில் பார்த்துத்தான் ஆகணும் என்றால், வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்யுங்க. வீட்டுக்கு வந்ததும் போனில் கூகுள் கணக்கைத் திறந்து, பாதுகாப்பு என்ற பகுதியில் உங்கள் சாதனங்கள் பட்டியலைப் பாருங்க. சென்டர் கம்ப்யூட்டர் இன்னும் அதில் உள்நுழைந்த நிலையில் இருந்தால் அதைத் தொட்டு வெளியேற்றிவிட்டு, அந்தப் போனிலேயே பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்க.