அலுப்பும் அச்சமும்

கணினி விளையாட்டென்றால் வெறும் பொழுதுபோக்கென்றே பலரும் கருதுவர். சலிப்பூட்டும் தொழிலையே பொருளாகக் கொண்ட விளையாட்டுக்களும் உள. 2013ஆம் ஆண்டில் டேவி ரேடன், வில்லியம் பியூ என்னும் இருவர் ஆக்கி வெளியிட்ட 'தி ஸ்டான்லி பாரபிள்' அவற்றுள் ஒன்று.

ஸ்டான்லி என்பான் ஒரு பெரிய அலுவலகத்தில் 427ஆம் எண்ணுள்ள ஊழியன். எந்தப் பொத்தானை எத்துணை நேரம் அழுத்த வேண்டுமெனத் திரையிற் கட்டளை தோன்றும். அவன் அவ்வாறே அழுத்துவான். அதுவே அவன் தொழில். ஒருநாள் கட்டளை வரவில்லை. எழுந்து சென்று பார்க்கிறான். உடனுழைப்போர் ஒருவரையும் காணோம். கனவிற்போல வழிகள் கிளைக்கின்றன. முடிவுகள் பல, எனினும் ஒவ்வொரு முடிவின் பின்னும் கதை அதே அறைக்கு மீள்கிறது. பேயொன்றும் தோன்றாதிருக்கவும் நாம் அஞ்சுகிறோம். ஏன்? அத்தொழிலில் அவன் மகிழ்ந்திருந்தான் என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுவிட்டோம். அலுப்பினுங் கொடியது அதனை உணராமையே.

நம் புதுச்சேரியில் சவானா, ரோடியர் முதலிய பஞ்சாலைகளில் உழைத்தோர் அதனை நன்குணர்ந்திருந்தனர். நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலையென்பது முதலிய உரிமைகளை வேண்டிப் போராடினர். 1936ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சியினர் சுட்டதில் 12 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டில் எட்டு மணி வேலை சட்டமாயிற்று.

விளையாட்டை நாம் விரும்பியபோது நிறுத்திவிடலாம். ஆலை வேலைக்கு ஓர் எல்லை காண 12 உயிர்கள் வேண்டியிருந்தன. நாளை அலுவலகங்களில் அமரவிருக்கும் நம் மாணவர் இவ்விரண்டையும் சேர்த்தெண்ணுவாராக.