சிப்பாயின் ஆறடி நிலம்

விருத்தாசலத்துக்குச் சென்று வந்த நேயர்கள் அவ்வூரில் இரண்டு காட்சிகளைக் கண்டிருப்பார்கள். ஒன்று பீங்கான் தொழில். களிமண்ணைப் பிசைந்து, அச்சில் வார்த்து, சூளையில் வேகவைத்துப் பொம்மைகளும் அகல் விளக்குகளும் மின்சாரக் கம்பிகளுக்கு வேண்டிய சாமான்களுமாக எடுக்கிறார்கள். மற்றொன்று மணிமுத்தா நதிக்கரை. பழமலைநாதர் கோயிலுக்கு அருகே ஓடும் அந்நதியில் அஸ்தி கரைத்தால் காசியில் கரைத்த பலன் உண்டு என்பது பழைய நம்பிக்கை. "காசியைவிட வீசம் அதிகம்" என்று ஊரார் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். மண்ணை நெருப்பிலிட்டு நிலைக்கச் செய்வது ஒரு புறம். நெருப்பில் வெந்த உடலின் மிச்சத்தையும் நிலைக்க விடாமல் நீரோடு அனுப்பிவிடுவது மறு புறம்.

சென்ற ஆண்டு நாம் அக்கரையில் நின்றிருந்தபோது, ஓய்வு பெற்ற ஒரு பட்டாளத்துக்காரரின் அஸ்தியைக் கொண்டு வந்திருந்தார்கள். சடங்கு முடிந்து எல்லோரும் கரையேறிய பிறகு, காலஞ்சென்றவரின் பேரன், பத்து வயதிருக்கும், தன் பெரியப்பாவைக் கேட்டான்: "தாத்தாவுக்குக் கல் வைக்க மாட்டார்களா, பெரியப்பா? சினிமாவிலே பட்டாளத்துக்காரர்களுக்கெல்லாம் வரிசை வரிசையாகக் கல் வைத்திருக்கிறார்களே!" பெரியப்பா வேட்டி முனையைப் பிழிந்துகொண்டே, "நம்மிலே அந்த வழக்கம் இல்லையடா. அப்படியே வைப்பதென்றாலும் நிலம் யார் கொடுப்பார்கள்?" என்றார்.

வழக்கம் இல்லை என்று அவர் சொன்னது முற்றிலும் சரியன்று. போரில் விழுந்த வீரனுக்குக் கல் நடுவது தமிழருடைய மிகப் பழைய வழக்கங்களில் ஒன்று. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியம் அதற்கு முறை வகுத்திருக்கிறது. செங்கம் பகுதியில் பல்லவர் காலத்து நடுகற்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. மாட்டு மந்தையைக் காக்கப் போராடி மாண்ட சாதாரண ஊர்க்காவலன்கூட அக்கற்களில் பெயர் பெற்றிருக்கிறான். கல்லோடு நின்றுவிடவும் இல்லை. இறந்தவன் குடும்பத்துக்கு வரியில்லாத நிலம் விடுவதும் உண்டு. அந்நிலத்துக்கு 'உதிரப்பட்டி' என்று பெயர். சிந்திய இரத்தத்துக்கு ஈடாக அளந்துவிட்ட மண்! இதைவிட வெளிப்படையான பெயர் வேறு எந்தப் பாஷையிலும் இருக்குமென்று நமக்குத் தோன்றவில்லை.

ஆனால் பெரியப்பாவின் இரண்டாவது வாக்கியம் லேசானதன்று. நிலம் யார் கொடுப்பார்கள்? அந்தக் காலத்தில் ஊர்ச் சபை கொடுத்தது, அல்லது அரசன் கொடுத்தான். இக்காலத்திலோ ஒரே மண்ணுக்கு இரண்டு சர்க்கார்கள். பட்டாளம் மத்திய சர்க்காருடையது. மண்ணும் மயானமும் ராஜ்ய சர்க்காரின் பொறுப்பு. மத்திய சர்க்கார் தன் சிப்பாயைப் புதைக்க ஒரு ராஜ்யத்தின் மண்ணை விலைக்கு வாங்க வேண்டுமானால் அந்த ராஜ்யத்தின் சம்மதம் வேண்டுமா, வேண்டாமா?

இந்தக் கேள்வியில் முதலில் மாட்டிக்கொண்ட தேசம் அமெரிக்கா. அங்கே 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தில் மாண்டவர்கள் பல லட்சம். 1863 ஜூலை மாதத்தில் கெட்டிஸ்பர்க் என்ற சிற்றூரில் மூன்று நாள் போர் நடந்தது. போர் முடிந்த பிறகு வயல்களிலும் வேலியோரங்களிலும் அரைகுறையாகப் புதைக்கப்பட்ட உடல்கள் மழையில் வெளியே தெரியத் தொடங்கின. ஊர் வக்கீல் டேவிட் வில்ஸ், பென்ஸில்வேனியா ராஜ்யத்தின் கவர்னருக்கு விஷயத்தை எடுத்துச் சொன்னார். ராஜ்யமே முன்வந்து பதினேழு ஏக்கர் வாங்கிற்று. லிங்கன் அங்கே 1863 நவம்பர் 19-ஆம் தேதி பேசிய மிகச் சுருக்கமான பிரசங்கம் உலகறிந்தது. ஆனால் அவர் நின்று பேசிய நிலம் அவருடைய சர்க்காருக்குச் சொந்தமானதன்று என்பதைப் பலர் அறியார்! 1872-ல்தான் ராஜ்யம் அதை மத்திய சர்க்காரிடம் ஒப்படைத்தது.

மற்ற இடங்களில் இவ்வளவு சுமுகமாகக் காரியம் நடக்கவில்லை. 1867 பிப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்து, ராணுவ மயானங்களுக்கு நிலம் வாங்கும் அதிகாரத்தை யுத்த மந்திரிக்குக் கொடுத்தது. சொந்தக்காரர் நியாயமான விலைக்கு இணங்காவிட்டால் சட்டப்படி எடுத்துக்கொள்ளலாம். எனினும் அந்நாட்டு அரசியல் சட்டத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. ராஜ்யத்தின் சட்டசபை சம்மதித்து வாங்கிய நிலத்தில்தான் மத்திய சர்க்காருக்கு முழு ஆட்சி உண்டு. சம்மதமில்லாமல் வாங்கினால் அதுவும் சாதாரண மிராசுதார் போன்ற ஒரு சொந்தக்காரர்தான். மயானத்துக்குள் ஒருவன் கல்லை உடைத்தால் எந்தப் போலீஸ் பிடிப்பது, எந்தக் கோர்ட்டு விசாரிப்பது என்ற வழக்கெல்லாம் இதிலிருந்து கிளம்பும். ஆகவே ராஜ்யச் சட்டசபைகள் ஒவ்வொன்றாகச் சம்மதச் சட்டம் இயற்றின. சம்மதிக்கும்போதே பல ராஜ்யங்கள் ஒரு சிறு பாத்தியதையைக் கையில் வைத்துக்கொண்டன: தங்கள் கோர்ட்டுச் சேவகன் உள்ளே போய்ச் சம்மன் கொடுக்கலாம். கடன்காரன் கல்லறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தப்பிவிடக் கூடாதல்லவா!

சம்மதம் கேளாமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆர்லிங்டன் சாட்சி. இன்று அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற ராணுவ மயானம் அதுவே. ஒரு காலத்தில் அது தென்னாட்டுச் சேனாதிபதி லீயினுடைய மனைவியின் பண்ணை. யுத்த வரி பாக்கி 92 டாலர் 7 சென்ட். நோயாளியான அந்த அம்மாள் உறவினர் ஒருவரிடம் பணத்தைக் கொடுத்தனுப்பினாள். சொந்தக்காரர் நேரில் வந்து கட்டினால்தான் வாங்குவோம் என்று அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். 1864-ல் பண்ணையை ஏலத்தில் சர்க்காரே எடுத்தது. சில மாதங்களில் சிப்பாய்களைப் புதைக்கவும் தொடங்கியது. லீயின் மகன் வழக்குத் தொடுத்து 1882-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தார். ஒன்பது நீதிபதிகளில் ஐவர் அவர் பக்கம். ஆயிரக்கணக்கான சவங்களைத் தோண்டி எடுக்க வேண்டிய நிலைமை! கடைசியில் 1883-ல் ஒன்றரை லட்சம் டாலர் கொடுத்துச் சர்க்கார் அதே நிலத்தை முறைப்படி வாங்கிற்று. 92 டாலரை அன்றே வாங்கிக்கொண்டிருக்கலாம்.

நம் தேசத்துச் சட்டம் வேறு வகை. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், ராணுவக் கட்டடங்களும் பணிகளும் மத்திய ஜாபிதாவில் இருக்கின்றன. இடுகாடும் சுடுகாடும் ராஜ்யங்களின் ஜாபிதாவில், பத்தாவது இனமாக இருக்கின்றன. இரண்டும் மோதினால்? நிலக்கரி நிலங்களைப் பற்றி மேற்கு வங்காளம் தொடுத்த வழக்கில், ராஜ்யத்துக்குச் சொந்தமான நிலத்தையும் பார்லிமெண்டு சட்டம் செய்து எடுத்துக்கொள்ளலாம் என்று 1962 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. நீதிபதி சுப்பா ராவ் ஒருவர் மட்டும் மாறுபட்டார். ஆகவே நம் நாட்டில் சம்மதம் சட்டத்தின் கட்டளை அன்று, மரியாதை. மரியாதை என்பதால் அதை அற்பமாக நினைக்க வேண்டாம். வரைபடத்தைப் பார்த்து நிலத்தை அளக்கிறவரும், பட்டாவைப் பார்க்கிறவரும், ஊராரைக் கூப்பிட்டுப் பேசுகிறவரும் ராஜ்யத்தின் ஜில்லா கலெக்டரும் அவருடைய தாசில்தாருமே.

இனி நம் ஊர் மயானத்துக்கு வருவோம். சென்னையில் பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி செல்லும் சாலையில் நந்தம்பாக்கம் இருக்கிறது. அங்கே புல்தரைக்கு நடுவே ஒரே அளவான கற்கள் அணிவகுத்து நிற்பதைப் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் மாண்ட காமன்வெல்த் வீரர்கள் எண்ணூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்களின் இடம் அது. 1952-ல் அமைந்தது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் கண்டோன்மெண்டுக் கல்லறைகளில் சிதறிக் கிடந்தவர்களை, அங்கே என்றென்றும் பராமரிப்பதற்கு உறுதியில்லை என்று, இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். முதல் யுத்தத்தில் மாண்டு இந்தியாவின் பல மூலைகளில் புதைந்துபோன ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர்களையும் அங்கே ஒரு நினைவுச் சின்னத்தில் பொறித்திருக்கிறார்கள். உடல் ஓரிடம், பெயர் ஓரிடம். சுந்தரமூர்த்தி நாயனார் இதே மணிமுத்தாவில் பொன்னைப் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது பெரிய புராணக் கதை. அது நம் நினைவுக்கு வந்தது.

இம்மயானத்தைப் பராமரிக்கும் யுத்தக் கல்லறைக் கமிஷன் 1917-ல் ஏற்பட்டது. அதில் இந்தியாவும் அங்கத்தினர். செலவில் நூற்றுக்கு 1.2 பங்கு நாம் கொடுக்கிறோம். பதவி, நிறம், மதம் ஒன்றையும் பாராமல் எல்லோருக்கும் ஒரே மரியாதை என்பது அதன் மூலக் கொள்கை. அந்நியர் நம் மண்ணில் அமைதியாக உறங்குவதில் நமக்கு மனத்தாங்கல் இல்லை. பிரான்ஸ் தேசம் 1915 டிசம்பரிலேயே ஒரு சட்டம் செய்து, நேச நாட்டு வீரர்களுக்கு நிரந்தரமாக இருக்க நிலம் வாங்கிக் கொடுத்தது. அந்நாட்டில் நூவ் ஷபேல் என்னுமிடத்தில் 1927-ல் எழுந்த சின்னத்தில் 4,700-க்கு மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. கொஹிமாவில் தகனம் செய்யப்பட்ட 917 ஹிந்து, சீக்கிய வீரர்களுக்கும் கல்லறைகளுக்கு அருகிலேயே தனிச் சின்னம் உண்டு.

ஆனால் பாஸ்ராவைப் பாருங்கள். முதல் யுத்தத்தில் மெஸபொடேமியாவில் நமது சென்னை ஸாப்பர்ஸ் படையும் போரிட்டது. 1929-ல் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் வெள்ளைச் சிப்பாய் ஒவ்வொருவனுக்கும் பெயர் உண்டு. இந்திய உத்தியோகஸ்தருக்கும் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கோ படையின் பெயரும், அதன் கீழ் இத்தனை பேர் என்ற எண்ணிக்கையுமே! கமிஷனே 2021-ல் வெளியிட்ட விசாரணை அறிக்கை இதையெல்லாம் ஒப்புக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர் முதலான 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரே பொறிக்கப்படவில்லை. பிரிட்டிஷ் யுத்த மந்திரி பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். நூறு ஆண்டு கழித்துக் கேட்ட மன்னிப்பு என்றாலும் கேட்டார்.

சுதந்திர இந்தியா தன் வீரர்களுக்கு 2019 பிப்ரவரி 25-ஆம் தேதி டில்லியில் தேசிய யுத்த நினைவகத்தைத் திறந்தது. 25,000-க்கு மேற்பட்ட பெயர்கள் கல்லில் ஏறின. இந்தியா கேட்டை ஒட்டிய அந்நிலம் மத்திய சர்க்காருடையது. எந்த ராஜ்யத்தையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சௌகரியம்தான். ஆனால் விருத்தாசலத்துச் சிறுவன் டில்லிக்குப் போய்த்தான் கல்லைத் தேட வேண்டும். போரில் மாளாமல் வீட்டில் இறந்த அவன் தாத்தாவின் பெயர் அங்கேயும் இராது. ஒரு ஜில்லாவில் ஓர் ஏக்கர் நிலத்தை ராஜ்யம் மனமுவந்து கொடுத்தால், அந்த ஜில்லாவிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களுக்கெல்லாம் அங்கே இடமிருக்கும் என்பது நம் அபிப்பிராயம்.

சிப்பாய் என்ற பெயர்கூட இல்லாமல் யுத்தத்தில் மடிந்த தமிழர்கள் ஒரு கூட்டம் உண்டு. 1942-லும் 1943-லும் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். அதற்காக மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் அவர்கள் காட்டோரத்திலேயே மாண்டார்கள். அப்பாதையில் மாண்ட வெள்ளைக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் கொண்ட அழகிய மயானம் இருக்கிறது. தமிழருக்காக எந்தச் சர்க்காரும் எந்தச் சர்க்காரிடமும் ஒரு குழி நிலம் கேட்கவில்லை. எண்பது ஆண்டுகள் சென்ற பிறகு, 2023-ல், அதே காஞ்சனபுரியில் அவர்களுக்காக ஒரு நடுகல் எழுந்தது. அது நிற்பது ஒரு பௌத்த ஆலயத்தின் வளாகத்தில்.