நோயற்றிருக்கும் வருஷங்கள்: இருதுருவ மனநோயின் நெடுங்காலப் போக்கு

குடும்பத்தாரின் முதற்கேள்வி

உறக்கமே வேண்டாதவராய், கையிலிருந்த பணத்தை வாரியிறைத்து, ஊரையே விலைக்கு வாங்கப் போவதாகப் பேசித் திரிந்த ஒருவர், சில மாதங்களுக்குப் பின் அதே வீட்டில் யாருக்கும் முகங்கொடாமல் சோர்ந்து கிடப்பதைக் கண்டு கலங்கிய குடும்பத்தார், கடலூரிலோ சிதம்பரத்திலோ மனநல வைத்தியர் முன் வந்தமர்ந்ததும் கேட்பது, "இது எப்போது பூரணமாகக் குணமாகும், டாக்டர்?" என்பதே. நியாயமான அந்தக் கேள்விக்கு உண்மையான விடை, இது ஆயுள் முழுதும் திரும்பி வரக்கூடிய நோய் என்பதும், ஆயினும் எத்தனை முறை, எவ்வளவு உக்கிரமாக வரும் என்பதில் பெரும்பகுதி நம் கையில் இருக்கிறது என்பதுமாகும். நோய் கண்ட வாரங்களில் யாவரும் கவலைப்படுகிறார்கள். அது தணிந்த வருஷங்களில் கவலைப்படுவோர் அரியர். எதிர்காலமோ அந்த வருஷங்களில்தான் நிர்ணயமாகிறது.

இது செல்லும் வழி

ஜெர்மானிய வைத்தியர் எமில் கிரேப்பெலின் 1899 இல் இந்நோயைப் பிற சித்தப் பிரமைகளினின்று பிரித்துக் காட்டியபோது ஆதாரமாகக் கொண்டது, அதன் நெடுங்காலப் போக்கையே. எழுச்சியும் சோர்வும் வந்து போகும், இடையே மனிதர் தம் சுய நிலைக்குத் திரும்புவார் என்பதை அவர் கண்டார். பிற்காலத்தில் அமெரிக்காவில் நோயாளிகளைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி, ஏறத்தாழப் பாதி வாரங்களில் அவர்களிடம் ஏதேனும் ஓர் அறிகுறி எஞ்சியிருந்ததையும், அதில் சோர்வே மிகுந்திருந்ததையும் தெரிவித்தது. நம் நாட்டில் எழுச்சி நிலையே மிகுதியாகக் காணப்படுவதாக இந்திய வைத்தியர்கள் கூறுகிறார்கள். எந்த நாடாயினும், சிகிச்சை இடையில் அறுந்தவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம்.

லித்தியம் என்னும் உப்பு

1949 இல் ஆஸ்திரேலிய வைத்தியர் ஜான் கேட் எழுச்சி நிலையைத் தணிக்க லித்தியத்தைப் பயன்படுத்திப் பலன் கண்டார். அது நோய் திரும்புவதையும் தடுக்கும் என்பதை டென்மார்க்கின் மோகென்ஸ் ஷௌ முதலியோர் நிலைநாட்டினர். தற்கொலை அபாயத்தைக் குறைப்பதில் இதற்கு இணையான மருந்துகள் மிகச் சிலவே. ஆனால் இதன் அளவு நுட்பமானது: இரத்தத்தில் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கவேண்டும். கடைசி வேளை மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பின் இரத்தம் எடுத்து அதை அறிவார்கள். சிறுநீரகமும் தைராய்டும் குறித்த காலங்களில் சோதிக்கப்பட வேண்டும்.

கடலூர்க் கரையில் வாழ்வோர் இதில் தனிக் கவனம் கொள்ளவேண்டும். கத்திரி வெயிலில் வியர்த்துக் களைத்த நாளிலும், வயிற்றுப்போக்குக் கண்ட நாளிலும், உணவில் உப்பைத் திடீரென்று குறைத்த நாளிலும் லித்தியம் உடம்பில் தேங்கிவிடும். மூட்டுவலிக்கென்று கடையில் வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் மாத்திரைகளும் அவ்வாறே செய்யும். கைநடுக்கம் மிகுந்து, வாந்தி, தள்ளாட்டம், நாக்குழறல் தோன்றினால் மறுவேளை மாத்திரையை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடவேண்டும். நடுக்கந்தானே என்று காத்திருக்கலாகாது.

உறக்கமும் உற்சவமும்

உறக்கம் குலைவது எழுச்சிக்கு முன்னறிகுறியாவதோடு அதற்குக் காரணமாகவும் ஆகிறது. சிதம்பரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமுண்டு. ஆயினும் சொல்லத்தான் வேண்டும். சிவராத்திரியன்று நான்கு காலப் பூஜைக்கும் கண்விழிப்பதும், ஆருத்திரா தரிசனத்தில் ஆயிரங்கால் மண்டபத்து மகாபிஷேகத்துக்காக விடியுமுன்பே எழுந்து காத்திருப்பதும் பக்தியின் செயல்களே. ஆனால் இந்நோயுள்ளவர் பகலில் தரிசித்துவிட்டு இரவில் உறங்குவதால் பக்திக்கு ஒரு குறையும் வந்துவிடாது. பரங்கிப்பேட்டையிலும் தேவனாம்பட்டினத்திலும் நள்ளிரவில் படகேறும் மீனவரிடம் வேலையை விடு என்று சொல்வது எளிது, பிழைப்பு எளிதன்று. இத்தகையோர் தம் வேலை நேரத்தை வைத்தியரிடம் விவரமாய்ச் சொன்னால் மருந்தின் வேளையையும் உறக்கத்தின் நேரத்தையும் அதற்கேற்ப ஒழுங்குபடுத்தலாம்.

புயற்காலம்

2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலையும், 2011 டிசம்பர் 30 இன் தானே புயலும், 2015 இன் பெருவெள்ளமும் கண்ட மாவட்டம் இது. வீடும் பாதையும் போன நாளில் மாத்திரை தீர்ந்துபோவது சிறு விஷயமன்று, ஏனெனில் லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தியபின் வரும் மாதங்களில் எழுச்சி திரும்பும் அபாயம் மிகுதி. ஐப்பசி பிறக்குமுன்பே சில வாரங்களுக்கு வேண்டிய மருந்தையும் மருந்துச் சீட்டையும் நனையாத உறையிலிட்டு வைப்பது நலம்.

கல்யாணப் பேச்சு

"ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்" என்று உறவினர் சொல்லும் ஆலோசனையைப் போல் தீங்கு விளைவிப்பது வேறில்லை. கல்யாணம் மருந்தாகாது, ஆனால் நோய் கல்யாணத்துக்குத் தடையுமன்று. மறைத்து முடிக்கும் சம்பந்தத்தில் மாத்திரையையும் மறைக்க நேர்ந்து, சில நாளில் அது நின்றேபோகிறது. இந்நோய்க்குத் தரப்படும் வால்புரோயேட் என்னும் மருந்து, பெண்கள் உட்கொண்டால், கர்ப்பத்திலுள்ள சிசுவைப் பாதிக்கும். ஆகையால் பிள்ளை பெற விரும்புவோர் முன்கூட்டியே மருந்தை மாற்றிக்கொள்ள வைத்தியரைக் காணவேண்டும். பிரசவத்துக்குப் பிந்திய முதல் வாரங்களே நோய் திரும்புவதற்கு மிக அபாயமான காலமாதலால், அந்த நாட்களில் தாயின் உறக்கத்தைக் காக்கும் பொறுப்பு வீட்டாருடையது.

எழுதி வைக்கவேண்டியது

1985 இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி இன்று அரசுடைமையாகியிருக்கும் சிதம்பரம் மருத்துவக் கல்லூரியிலும், கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலும் மனநலச் சிகிச்சை கிடைக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழும் வேளையில் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், வயது வந்த எவரும், தாம் முடிவெடுக்க இயலாத நிலையில் எத்தகைய சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கவும், தம் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் உரிமை தந்திருக்கிறது. எழுச்சியின் வேகத்தில் எவராலும் அதை நிதானமாய் எழுத முடியாது. நன்றாயிருக்கும் ஒரு மாதத்தில், வைத்தியரும் குடும்பத்தாரும் உடனிருக்க, அதை எழுதி முடித்துவிடவேண்டும்.