காற்றில்லாத நாளிலும் அசையும் கோபுரம்

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் தேர்வாளர் ஓர் அட்டையை நீட்டுவார். ‘உயரமான கட்டடம் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள், அது உங்களுக்கு ஏன் பிடிக்கிறது அல்லது பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள்’ என்று அதில் இருக்கலாம். யோசிக்க ஒரு நிமிடம் தருவார்கள். பிறகு இரண்டு நிமிடம் வரை தொடர்ந்து பேச வேண்டும். ஜெர்மனியில் ஆங்கிலவழி முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் பலர் இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் போகிறார்கள். சென்னைப் பிள்ளைக்கு அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் நினைவுக்கு வரும், தஞ்சாவூர்ப் பிள்ளைக்குப் பெரிய கோயில் விமானம். உயரமானது, அழகானது, ஊருக்கே அடையாளம் என்று மூன்று வாக்கியம் போனதும் பேச்சு நின்றுவிடுகிறது. இன்னும் ஒன்றரை நிமிடம் பாக்கி.

தகவல் சரியா தவறா என்று பார்த்து அங்கே மதிப்பெண் போடுவதில்லை. சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு இவைதாம் கணக்கு. ஆனாலும் ஒரு கட்டடம் எப்படி நிற்கிறது என்று தெரிந்தவருக்கு வாக்கியம் தானாக நீளும். ‘இப்படி இருப்பதால்’, ‘இது இல்லாவிட்டால்’, ‘அப்படியிருந்தும்’ என்று காரணம் சொல்லும்போதுதான் இலக்கணத்தின் முழு வீச்சும் வெளிப்படுகிறது. பெயரடைகளை மனப்பாடம் செய்வதைவிட ஒரே ஒரு கட்டடத்தின் இயக்கத்தைப் புரிந்துகொள்வது மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு ஏற்ற கட்டடம் அவர்கள் போகப்போகும் நாட்டிலேயே இருக்கிறது.

பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தின் மிகப் பழைய ஊர் ரோட்வைல். கி.பி. 73இல் ரோமானியர்கள் அமைத்தது. இன்றைய மக்கள்தொகை சுமார் 25,000. ராட்வைலர் நாய்க்குப் பெயர் கொடுத்த ஊர் இதுதான். இந்தச் சிற்றூரின் ஓரத்தில் 246 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் 2017இல் திறக்கப்பட்டது. பிராங்க்பர்ட் நகரின் கொமர்ஸ்பாங்க் கோபுரம் 259 மீட்டர் என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரியது என்று விளங்கும். வடிவமைத்தவர்கள் கட்டடக் கலைஞர் ஹெல்முட் யானும் பொறியாளர் வெர்னர் சோபெக்கும். உள்ளே யாரும் குடியிருக்கவில்லை. தைசென்குரூப் நிறுவனம் (அதன் லிஃப்ட் பிரிவு இப்போது டி.கே. எலிவேட்டர்) லிஃப்ட்டுகளைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே இதைக் கட்டியது. பன்னிரண்டு குழிகளில் லிஃப்ட்டுகள் ஏறி இறங்குகின்றன. வினாடிக்கு 18 மீட்டர் வேகம் வரை இங்கே சோதிக்க முடியும். மணிக்கு 65 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் செங்குத்தாக.

கோபுரத்தின் விட்டமோ வெறும் 21 மீட்டர். இத்தனை ஒல்லியான ஒன்றுக்குப் பெரிய தொல்லை அதன் எடை அல்ல, காற்று.

காற்று கோபுரத்தைத் தள்ளிச் சாய்க்கப் பார்க்கும் என்றுதான் நாம் நினைப்போம். வீசும் திசையில் தள்ளுவதைச் சமாளிப்பது எளிது. ஆனால் உருளையான தூணைச் சுற்றிப் போகும் காற்று பின்பக்கம் சேரும்போது ஒழுங்காகச் சேர்வதில்லை. இடப்பக்கம் ஒரு சுழல், வலப்பக்கம் ஒரு சுழல் என்று மாறி மாறிக் கழன்று போகும். ஒவ்வொரு சுழலும் கழலும்போது தூணைப் பக்கவாட்டில் மெல்ல இழுக்கும். காற்று மேற்கிலிருந்து வந்தால் கோபுரம் வடக்கும் தெற்குமாக ஆடும்!

இதைக் கண்டறிந்த கதையும் ஜெர்மன் மண்ணில் நடந்ததே. 1878இல் வூர்ட்ஸ்பூர்கில் பணியாற்றிய செக் இயற்பியலாளர் வின்சென்ஸ் ஸ்ட்ரௌஹால், கம்பி காற்றில் ஏன் ரீங்கரிக்கிறது என்று ஆராய்ந்தார். கம்பியை எவ்வளவு இறுக்கிக் கட்டினோம் என்பது அந்த ஒலியைத் தீர்மானிக்கவில்லை. காற்றின் வேகமும் கம்பியின் தடிமனும்தான் தீர்மானித்தன. ஏறத்தாழ முப்பது ஆண்டுக்குப் பின், கோட்டிங்கனில் லுட்விக் பிராண்ட்டிலின் மாணவர் கார்ல் ஹீமென்ஸ், ஓடும் நீரில் ஓர் உருளையை நிறுத்தி அதன் மேல் விழும் அழுத்தத்தை அளந்துகொண்டிருந்தார். நீரோட்டம் நிலைகொள்ளவே இல்லை, ஆடிக்கொண்டே இருந்தது. உருளை சரியான வட்டமாக இல்லை என்றார் பிராண்ட்டில். ஹீமென்ஸ் அதைத் தேய்த்துத் தேய்த்துச் சீராக்கினார். அப்போதும் ஆட்டம் நிற்கவில்லை. அதே ஆய்வகத்தில் இருந்த இளைஞர் தியோடர் ஃபான் கார்மான் காலையில் வரும்போதெல்லாம், இன்றாவது நின்றதா என்று விசாரிப்பாராம். ஒருநாள் அவருக்குத் தோன்றியது: நிற்காமல் ஆடுவதே இதன் இயல்பாக இருந்தால்? கணக்குப் போட்டுப் பார்த்தார். சுழல்கள் எதிரெதிரே இணையாக நின்றால் நிலைக்காது, மாறி மாறி நின்றால்தான் நிலைக்கும் என்று வந்தது. 1911இல் வெளியான அந்த முடிவால் இன்றும் அந்தச் சுழல் வரிசை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஹீமென்ஸின் பொறுமையும் அதில் பாதி என்பேன்.

ஸ்ட்ரௌஹாலின் விதியை ரோட்வைலுக்குப் பொருத்தலாம். தோராயமாக, காற்றின் வேகத்தை விட்டத்தால் வகுத்து அதில் ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால், வினாடிக்கு எத்தனை முறை பக்கவாட்டு இழுப்பு வந்துபோகிறது என்று கிடைக்கும். இந்த உயரக் கோபுரம் ஒருமுறை ஆடித் திரும்ப ஆறு வினாடி ஆகும் என்று வைத்தால், மணிக்குச் சுமார் 63 கிலோமீட்டர் காற்றில் இழுப்பின் தாளமும் கோபுரத்தின் தாளமும் ஒன்றாகிவிடும். அப்படியொரு காற்று அங்கே அபூர்வமல்ல. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் விரலால் தொட்டாலே அது உயரப் போவதுபோல, சிறு இழுப்புகள் சேர்ந்து பேராட்டம் ஆகிவிடும்.

இதற்கு ரோட்வைலில் இரண்டு வைத்தியம் செய்திருக்கிறார்கள். ஒன்று வெளியே தெரிவது. கோபுரத்தைச் சுற்றி டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைத் துணி திருகலாகப் போர்த்தப்பட்டிருக்கிறது. பார்க்க அழகுக்காகச் செய்தது போலிருக்கும். அந்தத் திருகல், சுழல்கள் அடி முதல் நுனி வரை ஒரே சமயத்தில் கழலாதபடி கலைத்துவிடுகிறது. நம் ஊர்த் தொழிற்சாலைகளின் இரும்புப் புகைபோக்கிகளில் உச்சிப் பகுதியைச் சுற்றித் தகடு திருகிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். வேலை அதேதான். வெயிலில் கான்கிரீட்டின் ஒரு பக்கம் மட்டும் சூடேறி விரிவதையும் துணி குறைக்கிறது.

இரண்டாவது வைத்தியம் உள்ளே மறைந்திருக்கிறது. மேற்பகுதியில் 240 டன் எடையுள்ள கான்கிரீட் கட்டி ஊசலாகத் தொங்குகிறது. கோபுரம் ஒரு பக்கம் போகும்போது ஊசல் பின்தங்கி எதிர்ப்பக்கம் இழுக்க, ஆட்டத்தின் ஆற்றல் உறிஞ்சப்படுகிறது. இதற்கு ஊசலின் தாளம் கோபுரத்தின் தாளத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஊசலின் தாளத்தை எடை மாற்றாது, தொங்கும் நீளம்தான் மாற்றும். ஒரு மீட்டர் ஊசல் போய்வர 2 வினாடி, 9 மீட்டர் ஊசலுக்கு 6 வினாடி. நீளத்தைத் திருத்தித்தான் கோபுரத்தோடு சுருதி சேர்க்கிறார்கள். தைப்பே 101 கட்டடத்தில் 660 டன் உருண்டை ஒன்று இதே வேலையைச் செய்கிறது.

ரோட்வைல் இங்கேதான் ஒருபடி மேலே போகிறது. அதன் ஊசலை மோட்டாரால் இயக்கலாம். ஆட்டத்தை அடக்கும் அதே கருவியைத் திருப்பிவிட்டால், இலைகூட அசையாத நாளில் முழுக் கோபுரத்தையும் ஆட்டிக் காட்டும். ஒரு கட்டடத்தை வேண்டுமென்றே ஏன் ஆட்ட வேண்டும்? உயரமான கட்டடங்களில் லிஃப்ட் கயிறுகளும் நீளம். நீண்ட கயிற்றுக்கும் சொந்தமாக ஒரு தாளம் உண்டு. கட்டடத்தின் ஆட்டம் அதோடு ஒத்துப்போனால் கயிறு குழிச் சுவரில் போய் அடிக்கும். அதனால்தான் புயல் நாளில் வானளாவிகளில் லிஃப்ட்டின் வேகத்தைக் குறைப்பார்கள், சில சமயம் நிறுத்தியே வைப்பார்கள். புயலுக்குக் காத்திராமல் அதைச் சோதித்துப் பார்க்க ரோட்வைலில் வழி இருக்கிறது.

அட்டைக்குப் பேசி முடித்ததும் தேர்வாளர் பொதுவான கேள்விகளுக்குப் போவார். கட்டடங்கள் இன்னும் எவ்வளவு உயரும் என்று கேட்டால், விடையும் இதே கோபுரத்தில் இருக்கிறது. உருக்குக் கயிறு சுமார் 500 மீட்டரைத் தாண்டினால் தன் எடையைத் தானே சுமப்பதிலேயே திணறிப்போகும். 828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவிலும் ஒரே லிஃப்ட்டில் தரையிலிருந்து நுனிவரை போக முடியாது. கயிறே இல்லாத ‘மல்டி’ லிஃப்ட்டை 2017இல் ரோட்வைலில் ஓட்டிக் காட்டினார்கள். ஷாங்காயில் ஓடும் டிரான்ஸ்ரேப்பிட் காந்த ரயிலின் நேர்கோட்டு மோட்டாரை நிமிர்த்தி வைத்தாற்போன்ற ஏற்பாடு அது. ஒரே குழியில் பல கூண்டுகள் ஓடலாம், பக்கவாட்டிலும் நகரலாம். ஆனால் கயிறு போனால் மறுமுனையில் தொங்கும் எதிர் எடையும் போய்விடும். கூண்டின் முழுப் பாரத்தையும் மின்காந்தமே தூக்கியாக வேண்டும். அதனால் கூண்டைக் கார்பன் இழையால் செய்து எடையைக் குறைக்கப் பார்த்தார்கள்.