அப்பாவின் நித்திரையும் மகனின் கேமும்: 40 யூரோவுக்குள் சத்தமில்லாத கூலர்

லா சப்பலில் சத்தத்துக்கு ஒருநாளும் பஞ்சமில்லை. ஒரு பக்கம் கார் து நோர் ரயில் பாதை, மற்றப் பக்கம் கார் து லெஸ்ட் ரயில் பாதை, நடுவில் பாலத்துக்கு மேலால் ஓடுற 2ஆம் இலக்க மெத்ரோ. அந்தப் பாலத்துக்குக் கீழால் 10ஆம் வட்டாரத்தில் இருந்து 18ஆம் வட்டாரத்துக்குப் போகிற தெருக்களில் ஒன்றுதான் ரூ பிலிப்-து-ஜிரார். மாணிக்க விநாயகர் ஆலயம் ரூ பஜோலுக்கு மாற முதல் இந்தத் தெருவில்தான் இருந்தது என்பது பழைய ஆக்களுக்குத் தெரியும். இங்க குடியிருக்கிறவைக்கு மெத்ரோவின் சத்தம் தாலாட்டு மாதிரி. பழகாத சத்தம் ஒன்று இருக்கு. இரவு பதினொரு மணிக்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே தொடங்குற சத்தம். பிள்ளையின் கேமிங் கொம்பியூட்டர் இரையிற சத்தம்.

இரண்டு அறை வீடு. ஒன்றில் பிள்ளைகள் படுப்பினம், சலோனில் கிளிக்-கிளாக்கை விரிச்சு அப்பா அம்மா. கொம்பியூட்டர் மேசைக்கு வேற இடமில்லை, அதுவும் சலோன் மூலையில்தான். அப்பா ரெஸ்ரோரண்ட் குசினியில் நின்றுவிட்டு நடுச்சாமம் கழிச்சு வருவார். அம்மா விடிய நாலரைக்கு எழும்பி கிளீனிங் வேலைக்குப் போகோணும். பொடியன் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு விளையாடுறான், அவனுக்கு ஒன்றும் கேட்காது. கேட்கிறது படுத்திருக்கிறவைக்குத்தான். இப்பிடியான வீடுகள் இந்தப் பக்கத்தில் ஒன்று இரண்டில்லை. "உதை நிப்பாட்டடா" என்று தொடங்குற கதை, "உந்தச் சாமானை வித்துப்போடு" என்பதில் போய் நிற்கும். பொடியன் கோடை விடுமுறையில் வேலை செய்து சேர்த்த காசில் வாங்கின பெட்டி அது. அவனும் விடமாட்டான்.

விளையாடுற நேரத்தைப் பற்றித் தாய் தகப்பன் பேசட்டும், அது வேற கதை. ஆனால் சத்தத்தை 25, 35 யூரோவோடு முக்கால்வாசி குறைக்கலாம் என்பது கன பேருக்குத் தெரியாது.

முதலில் அந்தச் சத்தம் எங்கேயிருந்து வருது என்று பாருங்கோ. கேம் ஓடும்போது பெட்டிக்குள் மூன்று இடத்தில் இரைச்சல் வரலாம்: புரொசசருக்கு மேல் இருக்கிற கூலர், கிராபிக்ஸ் கார்ட், பெட்டியின் முன்பின் ஃபான்கள். கிராபிக்ஸ் கார்ட்தான் கத்துது என்றால் புதுக் கூலர் வாங்கி ஒரு பிரயோசனமும் இல்லை. கண்டுபிடிக்க ஒரு வழி: ஃபான்கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளை விண்டோஸில் போட்டு, ஒவ்வொரு ஃபானின் வேகத்தையும் கொஞ்ச நேரத்துக்குத் தனித்தனியாக் குறைச்சுப் பாருங்கோ. எதைக் குறைக்க வீடு அமைதியாகுதோ, அதுதான் குற்றவாளி. கார்ட் என்றால், கேமில் ஒரு செக்கனுக்கு எத்தனை படம் என்ற எல்லையைத் திரையின் வேகத்துக்கு ஏற்றமாதிரி, 60 அல்லது 75 என்று வையுங்கோ. 60 படம் காட்டுற திரைக்கு 200 படம் செய்து அனுப்புறது வீண் சூடு. இதுக்கு ஒரு சதமும் செலவில்லை.

கூலர்தான் என்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: புரொசசரோடு சும்மா வாற கூலர். ரைசன் 5 5600 பெட்டிக்குள் வாற ரைத் ஸ்டெல்த்தை எடுத்துப் பாருங்கோ. ஒரு அலுமினியக் கட்டி, மேல ஒரு சின்ன ஃபான், அவ்வளவுதான். 65 வாட் என்பது பழைய குண்டு பல்ப் ஒன்றின் சூடு. அந்தச் சூடு நகமளவு சிலிக்கன் துண்டில் இருந்து வெளியேற வேணும். கட்டி சின்னது, ஃபான் சின்னது என்றால் மிச்சம் இருக்கிற வழி வேகம் மட்டும்தான். அதனால்தான் கேம் தொடங்கினதும் அது நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்கு மேல போய் விசிலடிக்குது.

பெரிய ஃபான் மெதுவாச் சுத்தினாலும் அதே காற்றைத் தள்ளும். சத்தத்தின் கணக்கு இங்க நமக்குச் சாதகம்: ஒரு ஃபானின் வேகத்தைப் பாதியாக்கினால் அதன் சத்தம் கிட்டத்தட்ட 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைஞ்சாலே காதுக்குப் பாதியாக் கேட்கும். 120 மில்லிமீற்றர் ஃபான் ஒன்று 800 சுற்றில் ஓடும்போது இரண்டு மீற்றர் தள்ளிப் படுத்திருக்கிறவருக்கு அது கேட்கிறதே கஷ்டம்.

மலிவான நல்ல கூலர் எப்பிடி வேலை செய்யுது என்று விளங்க, புட்டு அவிக்கிற பானையை நினையுங்கோ. அடியில் தண்ணி கொதிச்சு ஆவியா மேல போகுது, மூடியில் பட்டுக் குளிர்ந்து துளியாகி விழுது. கூலரில் இருக்கிற செப்புக் குழாய்களுக்குள்ளும் இதுதான் நடக்குது. காற்றை எடுத்துவிட்டுக் கொஞ்சத் தண்ணி விட்டு அடைச்ச குழாய்; உள்ளே அழுத்தம் குறைவு என்றபடியால் 100 டிகிரிக்கு வர முதலே ஆவியாகும். புரொசசர் பக்கத்தில் ஆவியாகி, மேல இருக்கிற மெல்லிய தகடுகளுக்குள் சூட்டை விட்டுப்போட்டு, குழாயின் உட்சுவர் வழியாத் திரும்பி வரும். மோட்டரும் இல்லை, பழுதாகப் பெரிசா ஒன்றும் இல்லை. பழுதாகக்கூடியது வெளியில் இருக்கிற ஃபான் மட்டும், அதைப் பத்துப் பதினைஞ்சு யூரோவோடு மாத்தலாம்.

இனி வாங்குற கதை. தைவானின் தேர்மல்ரைட், ஜெர்மனியில் இருந்து வாற பீ குவாயட், ஆர்க்டிக், ஒஸ்ரியாவின் நொக்டுவா என்று பேர்கள் கனக்க. நொக்டுவாவின் என்எச்-டி15 நூறு யூரோவைத் தாண்டும். அருமையான சாமான்தான், ஆனால் ரைசன் 5 வைச்சிருக்கிற பொடியனுக்கு அது தேவையில்லை. 20, 25 யூரோவில் கிடைக்கிற தேர்மல்ரைட் அசாசின் எக்ஸ் 120 ரிஃபைன்ட் எஸ்ஈ, நாலு குழாயும் ஒரு ஃபானும் கொண்டது. ரைசன் 5 5600, இன்டெல் ஐ5-12400எஃப் மாதிரியான புரொசசர்களுக்கு அது தாராளம். அதுக்கு மேல போனால் ஆர்க்டிக் ஃப்ரீசர் 36: நாலு குழாய், இரண்டு ஃபான், சாதாரணமா 30 யூரோ வட்டத்தில். ரைசன் 7 7800எக்ஸ்3டி மாதிரிக் கூலர் இல்லாமல் விக்கிற புரொசசர் என்றால் தேர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்ஈ எடுங்கோ. ஆறு குழாய், இரட்டைக் கோபுரம், இரண்டு ஃபான், 40 யூரோவுக்குள் பிடிக்கலாம். விலை கிழமைக்குக் கிழமை மாறும், ஐஞ்சு யூரோ கூடினால் அவசரப்படாமல் பொறுத்துப் பாருங்கோ. இன்டெல் ஐ7-14700கே மாதிரி 253 வாட் வரைக்கும் இழுக்கிற சாமான் வைச்சிருந்தால் இந்த விலைக் கூலர் எதுவும் அமைதியா இருக்காது. பயோஸில் மின் எல்லையை 125 வாட்டுக்கு இறக்குங்கோ, கேமில் வித்தியாசம் அவ்வளவாத் தெரியாது.

அட்டைப் பெட்டியில் போட்டிருக்கிற டெசிபல் கணக்கை வைச்சு ஒரு கொம்பனியை இன்னொரு கொம்பனியோடு ஒப்பிடாதேங்கோ. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு தூரத்தில், ஒவ்வொரு மாதிரி அளக்கிறாங்கள்.

தண்ணிக் கூலர் பற்றியும் பொடியள் கேட்பாங்கள். யூடியூப்பில் வெளிச்சம் அடிச்சுக்கொண்டு இருக்கிறது அதுதானே. என்ர அபிப்பிராயம்: இந்த வீடுகளுக்கு வேண்டாம். விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. பம்ப் ஒன்று எந்த நேரமும் மெல்லிசா முனகும். சில வருஷத்தில் பம்ப் போனால் முழுச் சாமானையும் எறிய வேண்டியதுதான். நித்திரைக்கு உதவுறதில் 35 யூரோக் கூலர் அதுக்கு ஒன்றும் குறைஞ்சதில்லை.

வாங்க முதல் இரண்டு அளவு எடுங்கோ. ஒன்று உயரம். பெட்டியின் பக்கக் கதவைக் கழட்டி, மதர்போர்ட்டில் புரொசசர் இருக்கிற இடத்தில் இருந்து கதவு வரைக்கும் எத்தனை என்று அளவுகோல் வைச்சுப் பாருங்கோ, அல்லது பெட்டியின் மொடல் பேரைத் தேடிப் பாருங்கோ. அசாசின் எக்ஸ் 148 மில்லிமீற்றர், பியர்லெஸ் அசாசின் 155, ஃப்ரீசர் 36 159, என்எச்-டி15 165. இடம் சிறுத்த மலிவுப் பெட்டிகளில் இந்தப் பத்து மில்லிமீற்றர்தான் கதவு பூட்டுப்படுமா இல்லையா என்று தீர்மானிக்கும். மற்றது மெமரிக் கட்டையின் உயரம். அது உயரமா இருந்தால் முன் ஃபானை மேல தூக்கிப் பூட்ட வேண்டி வரும், அப்ப மொத்த உயரமும் கூடும். சொக்கெட் விஷயத்தில் பயமில்லை. ஏஎம்4, ஏஎம்5, எல்ஜிஏ1700 மூன்றுக்கும் இந்தக் கூலர்கள் பொருந்தும். எல்ஜிஏ1851க்கும் எல்ஜிஏ1700இன் பூட்டுதான்.

எங்க வாங்குறது? ஒரு காலத்தில் 12ஆம் வட்டாரத்து ரூ மொங்காலே முழுக்கச் சின்னச் சின்னக் கொம்பியூட்டர் கடைகள். பேரம் பேசி, பூட்டியும் தருவாங்கள். இப்ப அங்க மிஞ்சினது கொஞ்சம்தான், எல்லாம் இணையத்துக்குப் போட்டுது. எல்டிஎல்சி, டொப்பஷா போன்றவற்றில் விலை ஒப்பிடலாம். இங்க சட்டம் ஒன்று நினைவிருக்கட்டும்: பிரான்சில் இணையத்தில் வாங்கின சாமானைக் காரணம் சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பலாம். கடைக்குள் போய் வாங்கினால் அந்த உரிமை சட்டத்தில் இல்லை, கடைக்காரர் மனம் வைச்சால்தான். ஆனால் இணையத்தில் வாங்கினதையும் பேஸ்ட் பூசிப் பூட்டின பிறகு அனுப்பினால், பாவிச்ச சாமான் என்று காசில் கழிக்க இடமிருக்கு. அதனால் அளவை முதலே எடுங்கோ. புதுச் சாமான் எங்க வாங்கினாலும் இரண்டு வருஷச் சட்ட உத்தரவாதம் உண்டு, பற்றுச்சீட்டை வைச்சிருங்கோ. லு பொன் குவானில் பழசு எடுக்கிறதென்றால் பூட்டுற திருகாணி, தகடு எல்லாம் இருக்கா என்று கேளுங்கோ. அதுகள் இல்லாத கூலர் அஞ்சு யூரோவுக்கும் விலை அதிகம்.

கூலரைப் பூட்டுறது அரை மணித்தியால வேலை. ஏஎம்4 மதர்போர்ட் என்றால் ஒரு கவனம்: பழைய கூலரைக் குளிர்ந்திருக்கும்போது நேரா இழுத்தால் காய்ஞ்ச பேஸ்ட்டில் ஒட்டி புரொசசரும் சேர்ந்து பிடுங்குப்படும், அடியில் இருக்கிற ஊசிகள் வளையும். அதனால் முதலில் பத்து நிமிஷம் ஒரு கேமை ஓடவிட்டுச் சூடாக்கி, கொம்பியூட்டரை நிப்பாட்டி வயரைக் கழட்டிப்போட்டு, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுங்கோ. புதுசின் அடியில் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருந்தால் உரிச்சு எடுக்கோணும். பேஸ்ட் நடுவில் ஒரு பட்டாணி அளவு காணும். திருகாணியை ஒரு பக்கமா முறுக்காமல் மாறி மாறி இறுக்குங்கோ.

பூட்டினதோடு வேலை முடியேல்லை. மதர்போர்ட்கள் பெரும்பாலும் ஃபானைத் தேவைக்கு மேல பதட்டமா ஓடவிடும். ஒரு செக்கன் சூடு ஏறினால் உடனே ஊளையிட்டு, பிறகு இறங்கும். ஒரே அளவான சத்தத்தை விட இந்த ஏறி இறங்குற சத்தம்தான் நித்திரையைக் குழப்புறது. பயோஸில் ஃபான் பக்கத்துக்குப் போய், 65 டிகிரி வரைக்கும் குறைஞ்ச வேகத்திலேயே நிற்கும்படி கோட்டைத் தட்டையா வையுங்கோ. வேகம் மாறுறதுக்குத் தாமதம் வைக்கிற வசதி இருந்தால் சில செக்கன் குடுங்கோ. 75, 80 டிகிரியைக் கண்டு "எரியப் போகுது" என்று பயப்படத் தேவையில்லை, ரைசன் 7000 வரிசையில் கன புரொசசர்களுக்கு எல்லையே 95 டிகிரி.

இன்னொரு விஷயம் தரை. பழைய கட்டடங்களின் பலகைத் தரை ஒரு மேளத் தோல் மாதிரி, பெட்டியின் அதிர்வை அறை முழுக்கக் கொண்டுபோகும். காலுக்கு அடியில் நாலு ரப்பர் துண்டு வைச்சால் காணும். மொத்தக் கம்பளத்தில் வைக்காதேங்கோ, அடியால் காற்று எடுக்கிற வழி அடைபடும். சூடாக்கிக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

இந்தத் தெருவுக்குப் பேர் குடுத்த பிலிப் து ஜிரார் (1775–1845) ஒரு பொறியியலாளர் என்பதையும் இடையில் சொல்லி விடுறன். லினன் நாரை இயந்திரத்தில் நூற்கிற வழி கண்டுபிடிக்கிறவருக்குப் பத்து லட்சம் பிராங்க் என்று 1810இல் நெப்போலியன் அறிவிச்சார். ஜிரார் கண்டுபிடிச்சார். நாரைச் சுடுதண்ணிக்குள்ளால் விட்டு இழுக்கிறதுதான் சூட்சுமம். நெப்போலியனின் ஆட்சி விழுந்துது, பரிசுக் காசு கைக்கு வரேல்லை. போலந்தில் ஒரு ஊரே அவர் பேரில் இருக்கு.

கடைசியா, எங்கட வீடுகளுக்கே உரிய பிரச்சினை ஒன்று. சலோனும் குசினியும் ஒன்றாக் கிடக்கிற வீட்டில் தாளிச்ச எண்ணெய்ப் புகையும், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகையும் கொம்பியூட்டருக்குள்ளதான் போகும். தூசி எண்ணெயோடு சேர்ந்து கூலர் தகடுகளுக்கு நடுவில் களி மாதிரி ஒட்டும், பிறகு எந்த நல்ல கூலரும் இரையத்தான் செய்யும். சாமித்தட்டுக்குக் கீழ் பெட்டியை வைக்காதேங்கோ. மூன்று மாசத்துக்கு ஒருக்கா மின்சாரத்தைக் கழட்டி, ஃபான் சுத்தாமல் விரலால் பிடிச்சுக்கொண்டு, காற்றுக் குப்பியால் ஊதி, மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கோ. அந்த வேலையைப் பொடியனிடமே குடுங்கோ.